நடேசனின் மூன்று சிலிண்டர்கள்

எசன்
9.2.2025

அன்புள்ள தங்கச்சி மலருக்கு,

அண்ணை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணி சுந்தரேஸ்வரியும் சுகம். என் முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முறைப்பாடு செய்கிறது. டிரெஸ்டனில் உன் பாடு எப்படி? குளிர் குறைந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் நாங்கள் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை, நாலாவது நிமிடம் ஒருவர் போனை வைப்பது. தைப்பொங்கலன்று வைத்தது நீயா நானா என்பதே இன்னும் தீரவில்லை. கடிதத்தில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழமுடியாது. அதுதான் பேனையை எடுத்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். நீ மலையில் நின்று கிழமைக்கு மூன்று பலூன் விட்டு ஓசோன் அளக்கிறவள். அந்த ஓசோன் ஓட்டை மூடிக்கொண்டு வருகிறதென்று பேப்பரில் கிடந்தது. உண்மையா? எப்போது மூடும்? கேட்பது நான் அல்ல, நடேசன். அந்த நாளில் என்னோடு பிரிட்ஜ் திருத்தினானே, அவன்தான். அவன் வீட்டுக்குக் கீழே, கெல்லர் அறையில், பழைய பிரிட்ஜ் வாயு மூன்று சிலிண்டர் கிடக்கிறதாம். ஆர்-12. தடை வருவதற்கு முன் எல்லாப் பிரிட்ஜுக்குள்ளும் ஓடியது அதுதான், ஓசோனைத் தின்றதும் அதுதான் என்று நீயே ஒருமுறை எனக்கு வகுப்பெடுத்தாய். இப்போது வீட்டுக்காரர் குழாய் மாற்றப்போகிறார். அக்டோபர் முடிவதற்குள் கெல்லர்கள் வெறுமையாக வேண்டுமென்று கடிதம் போட்டிருக்கிறார். நடேசன் இருப்புக்கொள்ளாமல் திரிகிறான். எனக்கென்ன, கேட்டான், எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
இராசலிங்கம்

டிரெஸ்டன்
23.2.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கையெழுத்தைத் தபால்பெட்டியில் கண்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தேன். படியில் நின்றபடியே பிரித்தேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டரிடம் நாள் கேட்டு டெர்மின் எடுத்தீர்களா, அல்லது அண்ணியின் தைலத்தோடு காலத்தை ஓட்டுகிறீர்களா? போனை வைத்தது நீங்கள்தான்.

இன்று தேர்தல். வாக்குப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஓட்டை என்று சொன்னாலும் அது துணியில் விழுந்த ஓட்டை மாதிரி இல்லை, மெலிந்துபோன இடம். ஓம், தேறி வருகிறது. எல்லா நாடும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால், பூமியின் பெரும்பகுதியில் 2040 அளவில் 1980இல் இருந்த நிலை திரும்பும். வடதுருவத்துக்கு 2045 ஆகும். தென்துருவத்துக்கு 2066. உலகம் ஒன்றுசேர்ந்து உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று நான் வேலையிடத்தில் பெருமை பேசுவது வழக்கம்.

நடேசண்ணையைப் பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்சாதன வேலை செய்யும் கம்பனிகள் பழைய வாயுவைத் திருப்பி எடுத்து அழிக்க அனுப்பும். ஒரு காலைநேர அலுவல். ஆனால் வால்வைத் திறந்துவிட மட்டும் நினைக்கவேண்டாம். வெளியே போனால் நூறு வருடம் அழியாமல் அலையும் சாமான் அது.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அதை இவ்வளவு காலம் அவர் ஏன் வைத்திருந்தார்?

பாசமுள்ள தங்கை,
ஞானமலர்

எசன்
16.3.2025

அன்புள்ள மலருக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் நலம். டெர்மின் மே மாதத்துக்குத்தான் கிடைத்தது, அதுவரை தைலம்தான்.

நடேசனுக்கு வாசித்துக் காட்டினேன். 2066 என்றதும் கணக்குப் பார்த்தான். தனக்கு நூற்றிமூன்று வயது வரும் என்றான்.

கம்பனிக்குக் கொண்டுபோவது நீ சொல்கிற மாதிரி லேசு இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. 93ஆம் வருடம், வேலைசெய்த பட்டறையில், பழைய வாயுவையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார் முதலாளி. இவன் நிறைந்த சிலிண்டர் மூன்றை வெறும் சிலிண்டர் என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டான். களவுதானே? இப்போது பிரஜாவுரிமை கேட்டு அன்ராக் எழுதிப் போட்டிருக்கிறான். முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தவனுக்கு ஒருமுறையாவது வாக்குப் போடவேண்டுமென்று ஆசை. போன மாதம் பள்ளிக்கூட வாசலில் சனம் வரிசையாக வாக்குப் போடப் போக, எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பில் நின்று பார்த்தானாம். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டானாம். ஒரு பொலிஸ் வழக்கு விழுந்தால் அந்த அன்ராக் குப்பைக்குள் போகும்.

இன்னொன்று. அவன் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் குளியலறைத் தராசைக் கீழே கொண்டுபோய்ச் சிலிண்டர்களை நிறுப்பான். இந்த வருடம் பொறுக்கமுடியாமல் இப்போதே நிறுத்தான். இரண்டில் பெரிய மாற்றமில்லை. மூன்றாவது, தொடக்கத்தில் இரும்போடு சேர்த்து இருபத்தொரு கிலோ. போன வருடம் பதினேழு அறுநூறு. இப்போது பதினேழு முந்நூறு. கொஞ்சம்தானே, அதனால் என்ன பெரிதாக வந்துவிடும்? கேட்டு எழுது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
இராசலிங்கம்

டிரெஸ்டன்
2.4.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அண்ணியையும் உங்களையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, தடிமன் மட்டும் வந்து போனது.

கொஞ்சம்தானே என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாயு வெளிக்காற்றோடு கலந்து ஆறுதலாக மேலே ஏறும், வருடக்கணக்கில். உயரத்தில் வெயில் அதை உடைக்கும்போது குளோரின் வெளிவரும். ஒரு குளோரின் அணு, தான் அடங்குமுன் ஓசோனில் ஒரு லட்சத்தைத் தின்றுவிடும். நாலு கிலோவால் வானம் இடிந்து விழாது, அதுவும் உண்மை. ஆனால் உலகம் முழுக்கக் கெல்லர்களில் எத்தனை நடேசண்ணைமார்! அந்த வால்வு ஒழுகுகிறது. அவர் சும்மா இருப்பதும் மெல்லத் திறந்துவிடுவதுதான் என்று சொல்லுங்கள்.

திங்களன்று விட்ட பலூன் முப்பத்துமூன்று கிலோமீற்றர் ஏறி வெடித்தது. அதில் கட்டிவிட்ட அளவுப்பெட்டி ஒரு விவசாயியின் கோழிக்கூட்டுக்கு மேல் இறங்கியிருக்கிறது. போன் எடுத்து, "உங்கட சாமான் என்ர கோழியளைப் பயப்படுத்திப் போட்டுது, ஆர் முட்டைக்குப் பொறுப்பு?" என்கிறார், அவருடைய ஜெர்மனில். சிரித்து முடிய, மேலிடத்துக் கூட்டம். தேறி வருகிறதென்றால் கிழமைக்கு மூன்று பலூன் எதற்கு, ஒன்று போதாதா என்கிறார்கள். காய்ச்சல் குறைந்தவுடனே காய்ச்சல்மானியை எறிகிற ஆட்கள். உயரத்தில் தேறுகிறது சரி, கீழ்ப்பக்கம் எங்கள் தலைக்கு மேலே இன்னும் சரியாகக் கூடவில்லையே என்று கத்திவிட்டு வந்தேன். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஏன் வைத்திருந்தார்?

தங்கை,
மலர்

எசன்
25.5.2025

அன்புள்ள மலருக்கு,

பதில் பிந்திவிட்டது, குறைநினைக்காதே. வேலை இல்லாதவனுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. டாக்டர் முழங்காலைப் பார்த்தார். படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொன்னார். உன் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப கெல்லருக்குப் போறதை விடுங்கோவன், ஒருநாளைக்கு நாலுதரம் என்ன புதையலே கிண்டுறியள்?" என்று கத்துகிறாள். நடேசனுக்கு உதவி செய்யத்தான் போகிறேன், அவளுக்கு அது விளங்காது.

வால்வில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். குமிழி வந்தது. மூடியை இறுக்கி, மேலே ரப்பர் சுற்றி, குமிழி நின்றது. இரண்டு கிழமை கழித்துப் பதினேழு நூறு. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இறுக்க இறுக்க எங்கே போகிறதென்று தெரியவில்லை.

ஏன் வைத்திருந்தான் என்று கேட்கிறாய். வைத்திருந்தான், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டால் எப்படி? உன் பலூன்களைக் குறைத்துவிட்டார்களா?

அண்ணன்

டிரெஸ்டன்
15.6.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இருவரும் சுகமாக இருக்கவேண்டும். நானும் இருக்கிறேன். பலூன் விசயம் இலையுதிர்காலத்தில் முடிவாகும்.

நேற்றைக்கு முதல்நாள் பிராங்பேர்ட்டில் ஒரு கலியாணவீடு. பந்தியில் எனக்கு எதிரே யார் வந்து உட்கார்ந்தார் தெரியுமா? உங்கள் நடேசன். வடையைப் பிய்த்தபடி என்னைச் சுகம் விசாரித்தார். நானும் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, உங்கட சிலிண்டர் மூண்டும் என்ன மாதிரி?"

"என்ன சிலிண்டர் பிள்ளை? நாங்கள் கரண்ட் அடுப்பிலயெல்லோ சமைக்கிறம்."

"கெல்லருக்குள்ள வைச்சிருக்கிறீங்களாமே."

"ஆருக்குக் கெல்லர்? நான் எசனை விட்டு மூண்டு வருசம். மோளோட இஞ்ச ஆறாம் மாடியில இருக்கிறன். ராசலிங்கம் சொல்லேல்லையே? அவன் எங்க சொல்லுவான், போன் எடுத்தால்தானே!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அண்ணன் அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பொய் சொல்கிறார் என்று. ரயிலில் திரும்பி வரும்போது சிரிப்புப் போய்விட்டது. பஸ் தரிப்பில் நின்றது யார் என்று நினைத்தேன். மூன்று பஸ்ஸை விட்டது யார்?

நீங்கள் களவெடுக்கிற ஆள் இல்லை. சந்தையில் மிச்சக்காசு கூட வந்தால் திரும்பி நடந்துபோய்க் கொடுத்த மனிதர். ஏன் அண்ணை? நடேசண்ணையை விட்டுவிட்டு நீங்கள் எழுதுங்கள்.

மலர்

டிரெஸ்டன்
20.7.2025

அண்ணை,

ஐந்து கிழமை ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறார். வீட்டுப் போனுக்கு எடுத்தேன். "கீழ நிக்கிறார் மலர், கூப்பிட்டாலும் ஏறி வாறாரில்லை. சாப்பிடுறதும் கொஞ்சம்" என்றார் அண்ணி. சிலிண்டரைப் பற்றி அவருக்கே தெரியாதென்று விளங்கியது. நான் சொல்லவில்லை.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். ஆனால் இதை மட்டும் கேளுங்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரம். மணமில்லை. மூடிய அறைக்குள் ஒழுகினால் நிலத்தோடு தேங்கும், மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகும். உங்களுக்குத் தெரியாததில்லை, உங்கள் தொழில் அது. கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். நிற்காமலே விட்டால் இன்னும் நல்லது.

வானத்துக்காக நான் இவ்வளவு பதறவில்லை.

மலர்

எசன்
24.8.2025

அன்புள்ள தங்கச்சி,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. இன்று அப்பாவின் நினைவுநாள். உன் அண்ணி மரக்கறி சமைத்துப் படைத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தராசோடு கீழே போனேன். பதினாறு அறுநூறு.

கேட்டாய், சொல்கிறேன். 93இல் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன யாரோ கையில் கொடுத்துவிட்டாய், இரண்டு மாதம் கழித்து என் கைக்கு வந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "மருந்தகத்துப் பிரிட்ஜுக்கு வாயு இல்லை. அதில் வைத்த அப்பாவின் இன்சுலின் பழுதாகிவிட்டது. 24ஆம் தேதி விடிய அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார்."

ஊரில் கரண்ட் இல்லை, அந்த மருந்தகத்துப் பிரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடியது, எனக்குத் தெரியும். மலர், நான் பிரிட்ஜ் திருத்துகிறவன். அந்தக் கடிதம் வந்த அன்று இறைச்சிக்கடைக் குளிர்பெட்டி ஒன்றுக்கு வாயு அடித்துவிட்டு வந்திருந்தேன். இந்த ஊரில் பன்றி இறைச்சி பழுதாகாமல் பார்த்த கை இது. என் அப்பா பிரிட்ஜுக்கு வாயு இல்லாமல் செத்தார்.

அடுத்த கிழமை பட்டறையில் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மூன்றை எடுத்தேன். சண்டையில் மூடிய பாதை திறந்ததும் ஊருக்கு அனுப்புவது, அந்த மருந்தகத்துக்குக் கொடுப்பது, இன்னொருவனின் அப்பாவாவது இருக்கட்டும் என்று. பாதை திறக்கவில்லை. பிறகு திறந்தது, பிறகு மூடியது. பிறகு அந்த வாயுவே யாருக்கும் வேண்டாமென்று ஆனது. அப்போதும் எறிய மனம் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் ஏதோ அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. இப்போது அதுவும் குறைந்துகொண்டு போகிறது.

நீ வானத்தைப் பார்க்கிறவள். உன் அண்ணன் இப்படி ஒரு வேலை பார்த்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் நடேசனைப் பிடித்தேன்.

அண்ணன்,
இராசலிங்கம்

டிரெஸ்டன்
28.8.2025

அண்ணை,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் பிரித்து, அங்கேயே அழுதேன்.

அந்த வரியை நான் எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. மருந்தகத்துப் பிரிட்ஜ் நன்றாகத்தான் இருந்தது அண்ணை. உள்ளே வைக்க மருந்துதான் இல்லை. மூன்று மாதமாக யாழ்ப்பாணத்துக்கு இன்சுலின் வரவேயில்லை. நான் சைக்கிளில் அலையாத இடமில்லை. கடைசியாகக் கிடைத்த ஒரு போத்தலை ஈரமணல் போட்ட பானையில் வைத்துப் பாதி பாதியாகக் கொடுத்தேன். அதுவும் முடிந்தது.

அதை எப்படி எழுதுவது? சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் கடிதங்களைப் பிரித்துப் படித்துத்தான் விட்டார்கள். மருந்து விடவில்லை என்று எழுதினால் கடிதம் வராது, கொண்டுவந்த ஆளும் போய்ச் சேரமாட்டார். பிரிட்ஜ் பழுது என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது. அண்ணன் பிரிட்ஜ் வேலை செய்கிறார், அவருக்கு விளங்கும் என்று இருபத்திரண்டு வயது மூளைக்குத் தோன்றியது. பிறகு நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். 98இல் நான் வந்து இறங்கியபோது நீங்கள் அப்பாவின் பேச்சையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம். ஒரு பிரிட்ஜுக்கு வாயு இல்லாததால் அப்பா சாகவில்லை. நீங்கள் அனுப்பியிருக்கக்கூடிய எதனாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை வேலை எனக்கு. ஞாயிறு ரயிலில் வாறேன். திங்கட்கிழமை நீங்களும் நானும் கம்பனிக்குப் போகிறோம். அண்ணிக்கு எல்லாவற்றையும் முதலே சொல்லிவிடுங்கள். வழக்கு வந்தால் அந்தப் பொய்யை எழுதினவள் நான் என்று நானே சொல்வேன்.

மலர்

எசன்
7.9.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். முழங்காலும் படி இறங்காததால் பேசாமல் இருக்கிறது. உன் அண்ணி இப்போதும் ஒருநாளைக்கு ஒருமுறை "முப்பத்திரண்டு வருசம் எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்" என்று தொடங்குவாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் நிற்கும்.

கம்பனிக்குப் போகும் வழியில் காருக்குள் இரண்டு சண்டை பிடித்தோம், அதனால் சொல்ல நினைத்தது சொல்லாமல் போய்விட்டது. எழுதுகிறேன்.

அந்தக் கம்பனிப் பையன் எங்கிருந்து வந்தது என்று கேட்பான், கேட்பான் என்று காத்துக்கொண்டு நின்றேன். பெயர், முகவரி, எத்தனை கிலோ. அவ்வளவுதான். பிறகு சிலிண்டரில் உள்ள வருடத்தைப் பார்த்துவிட்டு, நல்லாய்ப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றானே. நீ மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அன்ராக்குக்கு இன்னும் பதில் இல்லை. வரும்போது வரட்டும். அடுத்த தேர்தலுக்குள் வந்தால் போதும்.

நீ வந்ததிலிருந்து, பொய் எழுதிவிட்டேன், பொய் எழுதிவிட்டேன் என்று பத்துத் தரம் சொன்னாய். இரண்டு நாளாக அதையே யோசித்தேன். அன்று நீ உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. அப்பா இல்லை என்பது தெரியாமல் எத்தனை மாதம் அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்? அந்தப் பொய்தான் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தது. இனி அதைச் சொல்லி அழாதே. அழுதால் எனக்குக் கோபம் வரும்.

கெல்லரைக் கூட்டிக் கழுவினேன். நிலத்தில் சிலிண்டர் நின்ற இடத்தில் மூன்று துரு வட்டம். இரும்புத் தூரிகையால் தேய்த்தும் போகவில்லை, விட்டுவிட்டேன். தராசு குளியலறைக்குத் திரும்பிவிட்டது. ஏறி நின்றேன். நானும் ஐந்து கிலோ குறைந்துதான் இருக்கிறேன்.

அவர்கள் தந்த ரசீதில் இருபத்தைந்து கிலோ நானூறு கிராம் என்று இருக்கிறது. நான் எடுத்துவந்தது இரும்பு நீங்கலாக முப்பது. அப்பாவுக்கென்று வைத்ததில் நாலு கிலோ அறுநூறு கிராம் இந்த வீட்டுக் கெல்லர் ஜன்னலால் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதை நான் இனிப் பிடிக்கமுடியாது. 2066வரை இருக்கவும் போவதில்லை. பலூனைக் குறைக்க வேண்டுமென்று உன் மேலிடம் திரும்பக் கேட்டால் என்னைச் சொல். எசனில் ஒரு கிழவனின் வாயு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அது வந்து சேர்ந்து முடியும்வரைக்கும் யாராவது மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல். நிறுத்த விடாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன். சண்டை வந்தால் வரட்டும், நான் வைக்கமாட்டேன். நீயும் வைக்காதே.

என்றும் உன் அண்ணன்,
இராசலிங்கம்

(நடேசனுக்கும் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கடா?" என்று கேட்கிறான்.)